எண்ணெய் கேட்ட பட்டைகள்

1925 ஏப்ரல் 15ஆம் தேதி ஃபோர்டு நிறுவனம் ஒரு சின்ன சுமைவண்டியை விற்பனைக்கு விட்டது. விலை 281 டாலர். பின்னால் 56 அங்குல நீளமும் 40 அங்குல அகலமும் உள்ள எஃகுத் தொட்டி, இறக்கிவிடக்கூடிய பின்கதவு, கம்பு நட்டு உயரம் கூட்டிக்கொள்ள நான்கு மூலையிலும் குழிகள், கனம் தாங்கும் பின் ஸ்பிரிங். தொழிற்சாலையிலிருந்தே முழு உருவில் வெளிவந்த ஃபோர்டின் முதல் பிக்கப் இதுதான். அதுவரை அமெரிக்க விவசாயிகள் மாடல் டி காரின் பின்பாதியைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் மரப்பெட்டி ஒன்றை முடுக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் வருடத்தில் சுமார் 34,000 வண்டிகள் விற்றன.

281 டாலருக்குள் ஷாக் அப்சார்பர் அடங்கவில்லை. முன்னால் குறுக்காக ஒரு பட்டைக் கட்டு (லீஃப் ஸ்பிரிங்), பின்னால் குறுக்காக இன்னொன்று. வண்டியின் முழு பாரமும் அந்த இரண்டு விற்களின் மேல்தான். காலித் தொட்டியோடு மண்பாதையில் போனால் பின்கதவு லொடலொடக்கும். அதற்கும் கீழே, பள்ளம் வரும்போதெல்லாம் பட்டைகள் கிறீச்சிடும். ஃபோர்டு தந்த கையேடு இதை மறைக்கவில்லை. பட்டைகளின் முனையை நெம்பிப் பிரித்து எண்ணெயோ கிராஃபைட்டோ உள்ளே செலுத்தும்படி உரிமையாளருக்கு அதுவே வேலை வைத்தது. பிரிப்பதற்கென்றே இடுக்கி போன்ற கருவிகளும் அந்நாளில் கடைகளில் கிடைத்தன.

பட்டை ஏன் கத்துகிறது என்பதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுத் தகடுகள் வளையும்போது, ஒவ்வொன்றும் அடுத்ததன் மீது சில மில்லிமீட்டர் நழுவ வேண்டும். துருவும் மண்ணும் இடையில் புகுந்துவிட்டால் நழுவல் சீராக நடக்காது. தகடு பிடித்து நிற்கும், விசை கூடியதும் சட்டென்று விடுபடும், மறுபடி பிடிக்கும். வயலின் நரம்பின்மேல் வில் செய்கிற வேலையும் இதுவே. சங்கீதம் மட்டும் வராது.

அடுக்குப் பட்டை ஃபோர்டின் கண்டுபிடிப்பு இல்லை. குதிரை வண்டிக்காரர்களிடமிருந்து வந்த சொத்து. லண்டனில் வண்டி கட்டிக்கொண்டிருந்த ஒபடையா எலியட் 1804இல் நீள்வட்ட ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு விற்களை எதிரெதிராக வைத்து முனைகளை இணைத்த அமைப்பு அது. வண்டியின் அடியில் முன் அச்சையும் பின் அச்சையும் சேர்க்கும் கனமான நடுக்கட்டை இனி வேண்டாம் என்று ஆக்கியதால் வண்டிகள் இலகுவாயின, விலையும் இறங்கியது. அட்லாண்டிக்குக்கு அப்பால் நியூ ஹாம்ப்ஷயரின் கான்கார்டு நகரில் 1827இலிருந்து தயாரான பயணக்கோச்சுகளோ எஃகையே நாடவில்லை. தடித்த தோல்வார்களை அடுக்கி, அவற்றின்மேல் உடலைத் தொங்கவிட்டார்கள். மேடுபள்ளத்தில் ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடும். உள்ளே இருப்பவருக்குக் குமட்டினாலும், வண்டி திடுக்கிட்டு இழுக்கும் அடி குதிரைகளின்மேல் முழுசாக விழாது.

எஃகு வில் இந்தியாவுக்கும் சீக்கிரமே வந்து சேர்ந்தது. சென்னையில் 1840இல் தொடங்கிய சிம்ப்ஸன் கம்பெனி கோச்சுகளும் பல்லக்குகளும் செய்துதான் பெயரெடுத்தது. மிராசுதார் வீடுகளில் கட்டை வண்டிக்குப் பக்கத்தில் வில் வண்டி நின்றது. அதில் ஏறுவது வெறும் சௌகரியம் மட்டும் அல்ல, அந்தஸ்து. திருவிதாங்கூரில் 1893இல் தீண்டாமையை எதிர்த்த அய்யன்காளி ஒரு வில் வண்டியை வாங்கி, மணி கட்டிய காளைகளைப் பூட்டி, தன் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் ஓட்டிச்சென்றது வெறும் சவாரி இல்லை என்பது எதிரே தடியோடு வந்தவர்களுக்கு நன்றாகவே புரிந்தது.

சரி, பட்டைக்கு எண்ணெய் விட்டால் சத்தம் நின்றுவிடும். அப்புறம் என்ன பிரச்சினை? பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. பட்டைகளுக்கிடையே உள்ள உராய்வுதான் அந்தக்கால வண்டிக்கு இருந்த ஒரே பிரேக். சக்கரத்துக்குச் சொல்லவில்லை, குதிப்புக்கு. பள்ளத்தில் விழுந்து எழுந்த வண்டி இரண்டு ஆட்டத்தில் அடங்கியதற்குக் காரணம் தகடுகள் ஒன்றையொன்று தேய்த்ததுதான். நன்றாகக் கிராஃபைட் பூசிய பட்டை அமைதியாக இருந்தது, வண்டியோ துள்ளித் துள்ளிப் போனது. துரு ஏறிய பட்டை வண்டியை அடக்கிப் பிடித்தது. ஓட்டுநரின் முதுகெலும்பையும் சேர்த்துக் குலுக்கியது, ஊருக்கே கேட்கும்படி கத்தியது. உராய்வு மழைநாளில் ஒரு மாதிரி, வெயில்நாளில் வேறு மாதிரி. இப்படிப்பட்ட ஒன்றை நம்பி வண்டி ஓட்டினார்கள் என்பதே இன்று ஆச்சரியம்.

உராய்வைப் பட்டையிலிருந்து பிரித்து, தனியே ஒரு பெட்டிக்குள் அடைக்கலாம் என்று முதலில் யோசித்தவர்களில் ஒருவர் பிரெஞ்சுக்காரர் ட்ரூஃபோ. கத்தரிக்கோல் போல இரண்டு கைகள். அவை சேரும் இடத்தில் அழுத்திப் பிடித்த உராய்வுத் தட்டுகள். நடுவில் ஒரு திருகு. திருகை முடுக்கினால் பிடி கூடும். அமெரிக்காவில் எட்வர்ட் ஹார்ட்ஃபோர்டு இதைத் தயாரித்து விற்றார். பணமுள்ளவர்கள் வாங்கி மாட்டினார்கள். கூடவே பட்டைக் கட்டுக்குத் தோலுறை தைத்துப் போட்டு, உள்ளே கிரீஸ் அடைத்துவைத்தார்கள். பிரிட்டனில் வெஃப்கோ என்ற பெயரில் விற்ற அந்த உறைகளைப் பழைய கார்க்காரர்கள் இன்றும் தேடுகிறார்கள். பக்கார்டு போன்ற ஆடம்பரக் கார்களில் பிஜூர் என்ற அமைப்பு, மெல்லிய குழாய்கள் வழியாக அடிப்பாகம் முழுவதற்கும் தானே எண்ணெய் அனுப்பியது. பிக்கப் வைத்திருந்தவருக்கு இதெல்லாம் கனவு. அவருடைய ஆயுதம் எண்ணெய்க் குப்பியும் கந்தைத் துணியும்.

பட்டையைவிட அதிகம் தொல்லை கொடுத்தது ஷேக்கிள். பட்டை வளைந்து நிமிரும்போது அதன் நீளம் மாறும். அதற்கு இடம்விட ஒரு முனையைச் சட்டத்தோடு நேராகப் பூட்டாமல், ஊசலாடும் சின்ன இணைப்பொன்றில் தொங்கவிடுவார்கள். அதுதான் ஷேக்கிள். அதன் ஆணியான ‘பின்’னும் அதைச் சுற்றியிருக்கும் உறையான புஷ்ஷும் உலர்ந்தால் முனகும். தேய்ந்து இடைவெளி விட்டால் ஒவ்வொரு குழிக்கும் டொக் என்று அடிக்கும். தொடக்கத்தில் இந்த இடங்களில் பித்தளைக் கிண்ணம் ஒன்று இருந்தது. அதில் கிரீஸ் நிரப்பி மூடியைத் திருகினால் கொஞ்சம் உள்ளே இறங்கும். சோம்பேறிகளுக்கு ஏற்ற ஏற்பாடு இல்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் சிகாகோவின் ஆர்தர் கல்போர்க் அழுத்தத்தோடு கிரீஸைத் தள்ளும் திருகுத் துப்பாக்கியை உருவாக்கினார். அலிமைட் என்ற பெயர் அதிலிருந்து பரவியது. வியன்னாவில் பிறந்த ஆஸ்கர் செர்க் 1929இல் காப்புரிமை பெற்ற சின்ன உருண்டைத் தலை நிப்பிள் விஷயத்தை முடித்துவைத்தது. துப்பாக்கியின் வாயை அதன்மேல் வைத்து அழுத்தினால் போதும். நம் ஊர் சர்வீஸ் ஸ்டேஷன் குழியில் நின்று 'கிரீஸ் அடிக்கிற' பையன் கையாளுவதும் அந்த நிப்பிளையே.

கிரீஸ் துப்பாக்கி ஒரு மருத்துவ முறையையும் கற்றுக்கொடுத்தது. முனகல் எங்கிருந்து வருகிறதென்று தெரியாதா? ஒவ்வொரு நிப்பிளாக அடித்துக்கொண்டே வந்து, எதற்குப்பின் சத்தம் அடங்குகிறதென்று பார்த்தால் போதும். பழைய கிரீஸ் துருநிறத்தில் வெளியே வந்தால் அந்தப் பின்னுக்கு ஆயுள் முடியப்போகிறதென்று அர்த்தம். சுத்தமான கிரீஸ் ஒரு பக்கம் மட்டும் பிதுங்கினால், மறுபக்கம் வழி அடைபட்டிருக்கிறது. சத்தம் வந்தால் தாகம், எண்ணெய் கொடுத்தால் தீரும். இந்தக் கணக்கு ஏறக்குறைய 1950 வரைக்கும் சரியாக ஓடியது.

பட்டைக் கட்டையே பிரித்து மேய்வது வேறு ரக வேலை. சட்டத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, அச்சைத் தாங்க இன்னொன்று கொடுத்து, யூ போல்ட்டுகளைக் கழற்றிப் பட்டைக் கட்டை இறக்குவார்கள். நடுவில் எல்லாத் தகடுகளையும் கோத்துவைத்திருக்கும் சென்டர் போல்ட்டை அப்படியே கழற்றினால் கட்டு வில்லாக விரிந்து கையைப் பதம்பார்க்கும். அதனால் இரு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கி, போல்ட்டை எடுத்தபின் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார்கள். பிரித்தால் கதை தெரியும். குட்டைப் பட்டையின் முனை நெட்டைப் பட்டையின் அடிவயிற்றில் பள்ளம் பறித்திருக்கும். சத்தத்தின் ஊற்று பெரும்பாலும் அந்தப் பள்ளம்தான், உடைகிற பட்டை உடையத் தொடங்குவதும் அங்கேயே. கம்பித்தூரிகையால் துருவை எடுத்து, பள்ளத்தைத் தேய்த்துச் சமன்செய்து, கிராஃபைட் பூசி மறுபடி அடுக்குவார்கள். சென்டர் போல்ட்டைப் பழசையே போடுகிற மெக்கானிக்கிடம் வண்டி விடக்கூடாது. அது அறுந்தால் அச்சே இடம் நகர்ந்து வண்டி நண்டு மாதிரி சாய்ந்து போகும்.

1927 டிசம்பரில் மாடல் டியின் வாரிசாக வந்த மாடல் ஏயில் நாலு சக்கரத்துக்கும் ஹூடாய் எண்ணெய் ஷாக் அப்சார்பர்கள் இருந்தன. மலிவு வண்டிக்கு அது பெரிய வரம். குதிப்பை அடக்கும் வேலை எண்ணெய்க்குக் கைமாறியது. பட்டை உராய்வுக்கு இனி வேலையில்லை, தொல்லை மட்டுமே மிச்சம். அதை ஒழிக்கிற முயற்சி அதன்பிறகுதான் சூடுபிடித்தது. தகடுகளுக்கிடையே துத்தநாகத் தகட்டைச் செருகிப் பார்த்தார்கள். பின்னாளில் முனைகளில் மட்டும் பிளாஸ்டிக் வில்லை வைத்தார்கள். நடுவில் தடித்து முனையில் மெலிந்த பாராபோலிக் பட்டை வந்தபோது, எட்டு பத்து தகடுகள் இருந்த இடத்தில் இரண்டு மூன்று போதுமென்றாகி, அவையும் நடுவிலும் முனையிலும் மட்டுமே தொட்டுக்கொண்டன. தொடாத தகடு கத்தாது.

கார்கள் அதற்குள் வேறு பாதையில் போய்விட்டன. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930இல் அமெரிக்கா போன மாரிஸ் ஓலி, ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு காரின் எடையை முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தி ஓட்டிப்பார்த்து, முன் ஸ்பிரிங் பின்னதைவிட மிருதுவாக இருந்தால்தான் பயணம் சொகுசாகும் என்று காட்டினார். பட்டையால் அந்த மிருது முடியாது. அச்சைப் பிடித்துவைப்பதும் அதே பட்டைதான் என்பதால், தளர்த்தினால் ஸ்டியரிங் நடுங்கும், பிரேக் அடித்தால் அச்சு முறுக்கிக்கொள்ளும். 1934இல் கேடிலாக்கும் ஷெவர்லேயும் முன்சக்கரங்களைத் தனித்தனியாக ஆடவிட்டன. பிக்கப் மட்டும் பட்டையோடு தங்கியது. காலையில் காலி, மதியம் அரை டன் உரமூட்டை என்று பாரம் மாறும் வண்டிக்கு, சுமையையும் தாங்கி அச்சையும் கட்டிப்போடும் ஒரே பொருளைவிட மலிவான தீர்வு யாருக்கும் கிடைக்கவில்லை. 1948இல் வந்த ஃபோர்டின் எஃப் வரிசைக்கு 'மில்லியன் டாலர் கேபின்' என்று விளம்பரம் செய்தார்கள். ரப்பர் மெத்தைமேல் அறையை உட்காரவைத்ததும் அதில் ஒரு பெருமை. அடியில் இருந்தது அதே விறைப்பான அச்சு, அதே பட்டை.

ரப்பர்தான் அடுத்த அத்தியாயம். மேக் நிறுவனத்தின் லாரிகள் 1920களிலேயே பட்டை முனைகளை ரப்பர் கட்டைகளுக்குள் பிடித்துவைத்தன. அதே காலத்தில் லியோன் தீரி என்பவர் உருவாக்கிய சைலன்ட்பிளாக் புஷ், இரண்டு எஃகுக் குழாய்களுக்கு நடுவே ரப்பரை நெருக்கி அடைத்தது. இதில் எதுவும் நழுவுவதில்லை. பின் அசைந்தால் ரப்பர் தனக்குள்ளேயே முறுக்கிக்கொள்ளும், விட்டால் திரும்பும். உராய்வில்லை, எனவே சத்தமில்லை; எண்ணெயும் வேண்டாம். நிப்பிளைத் துளைபோட்டு வைக்கிற செலவு மிச்சம் என்பதும் தயாரிப்பாளருக்குத் தித்தித்தது.

பழகிய கை மட்டும் மாறவில்லை. முனகுகிற ரப்பர் புஷ்ஷில் பெட்ரோலியக் கிரீஸை அப்பினார்கள். ரப்பர் ஊதி, மெத்தென்றாகி, பிய்ந்துபோனது. இன்னொரு தவறு இன்றும் பட்டறைகளில் நடக்கிறது. வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முடுக்கிவிடுவது. இறக்கியதும் ரப்பர் பாதி முறுக்கிய நிலையிலேயே வாழ்க்கையைத் தொடங்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் மீதியையும் முறுக்கும், சில மாதங்களில் கிழியும். வண்டி நிலத்தில் தன் பாரத்தோடு நின்றபிறகே கடைசி முடுக்கு. ரப்பர் புஷ் கத்துகிறதென்றால் அது தாகத்தின் குரல் இல்லை, பெரும்பாலும் கடைசி மூச்சு. சத்தத்தைக் குறைத்த தொழில்நுட்பம் ரிப்பேரை மாற்றுப்பாகமாகச் சுருக்கிவிட்டது. மெக்கானிக்குகளின் புலம்பலில் பாதி இதைப் பற்றியதுதான். அதில் நியாயம் இருக்கிறது.

1960இல் ஷெவர்லே ஒரு துணிச்சல் செய்தது. பிக்கப்பின் முன்பக்கம் தனித்தனிச் சக்கரம், முறுக்குத்தண்டு ஸ்பிரிங், பால் ஜாயின்ட். பின்பக்கம் சுருள் ஸ்பிரிங்கும் நீண்ட இரு கைகளும். பட்டைச் சத்தத்துக்கு விடை கொடுத்தாயிற்று என்று நினைத்தார்கள். புதுச் சத்தங்கள் வந்தன: ஸ்டியரிங்கைத் திருப்பும்போது நெரியும் பால் ஜாயின்ட், சின்னக் குழியில் டக்கென்னும் கன்ட்ரோல் ஆர்ம் புஷ். 1963இல் முறுக்குத்தண்டு போய் முன்னாலும் சுருள் வந்தது. 1973இல் புதிய உருவம் வந்தபோது பின்னால் பட்டையே திரும்பிவிட்டது. அந்தப் பின்கைகளுக்கு வினோதமான பிற்காலம் கிடைத்தது. அமெரிக்காவின் நாஸ்கார் கப் பந்தயக் கார்கள் அந்தச் சுமைவண்டி அமைப்பை எடுத்துக்கொண்டு 2021 வரை அதிலேயே ஓடின.

இன்றைய பிக்கப்பில் சத்தத்தைப் பிடிக்கிறவர் நூறாண்டு அடுக்குகளை ஒரே நேரத்தில் கேட்கிறார். மெதுவாகப் போகும்போது நீளமாக முனகினால் பட்டை முனையோ புஷ்ஷோ. தண்ணீரை ஒவ்வொரு புஷ்ஷிலும் தனித்தனியே பீய்ச்சினால், குற்றவாளி சில நிமிடம் வாயை மூடும். கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஒற்றை டொக் வந்தால் பலர் பட்டையைச் சந்தேகிப்பார்கள். பல வண்டிகளில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நழுவும் முனை உலர்ந்திருக்கும். யூ போல்ட் தளர்ந்ததா என்றறிய நட்டிலிருந்து தட்டுவரை வண்ணக்கோடு ஒன்று இழுத்துவிட்டு ஓட்டிப்பார்த்தால் போதும், கோடு உடைந்தால் பதில் கிடைத்தது. சின்னக் குழிகளில் மட்டும் கடகடத்தால் ஸ்டெபிலைசர் லிங்க்கையும் ஷாக் அப்சார்பர் புஷ்ஷையும் முதலில் பிடித்து ஆட்டவேண்டும். ஒருவர் வண்டியைக் குலுக்க, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது எந்தக் கருவிக்கும் சளைத்ததல்ல. அடி காதுக்கு வருமுன் கைக்குத் தெரியும்.

எல்லாச் சத்தமும் வெறும் எரிச்சல் என்று விட்டுவிட முடியாது. 2014இல் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 6,90,000 டக்கோமா பிக்கப்களைத் திரும்ப அழைத்தது. பின்பட்டை, அழுத்தத்தாலும் அரிப்பாலும் முறிந்து, பெட்ரோல் டேங்கைக் குத்திவிடக்கூடும் என்பது காரணம். குளிர்நாடுகளில் சாலையில் தூவும் உப்பு பட்டைக்கு நஞ்சு.

தமிழ்நாட்டில் பட்டைக்கு எதிரி உப்பைவிட ஓவர்லோடு. 2005இல் டாடா ஏஸ் வந்து, மக்கள் வாயில் குட்டியானை ஆனபோது, 702 சிசி இன்ஜினை வைத்துக்கொண்டு அது சுமந்தவற்றைப் பார்த்து அதை வடிவமைத்தவர்களே மலைத்திருப்பார்கள். அதில் முன்னாலும் பட்டைதான். வண்டி வாங்கிய கையோடு பட்டறைக்குப் போய் ஒரு பட்டை கூடுதலாகப் போடச்சொல்வது பலரின் வழக்கம். காலியாக ஓடும்போது வண்டி கட்டைபோலக் குதிக்கும், தொட்டி அதிரும், ரப்பர் சீக்கிரம் சாகும். வாடகை ஓடுகிறவரை யாரும் பொருட்படுத்துவதில்லை. நெடுஞ்சாலையோரப் பட்டறைகளில் தொய்ந்த பட்டையைத் தட்டி வளைவு ஏற்றித் தருவார்கள். முறிந்த பட்டை வீணாகாது. நல்ல கரிமம் உள்ள எஃகு என்பதால் கொல்லர்கள் எடைக்கு வாங்கி, அரிவாளும் கத்தியும் அடிக்கிறார்கள்.

ரப்பர் அலுத்தவர்களுக்கு இப்போது பாலியூரித்தேன் புஷ் கிடைக்கிறது. அமெரிக்கப் பிக்கப்காரர்களிடம் இது வெகு பிரபலம். ரப்பரைவிடக் கெட்டி, எண்ணெய்க்கு அஞ்சாது, நீண்டநாள் உழைக்கும். ஆனால் அது முறுக்கிக்கொள்வதில்லை, பின்மேல் நழுவுகிறது. நழுவினால் உலரும், உலர்ந்தால் கிறீச்சிடும். அதனால் பொட்டலத்துக்குள் ஒட்டும் கிரீஸ் ஒரு சின்னப் பையில் வைத்தே விற்கிறார்கள். இன்னும் கொஞ்சம் காசு போட்டால் நடுவே துளையிட்டு, தலையில் செர்க் நிப்பிள் பொருத்திய ஷேக்கிள் போல்ட்டும் தருகிறார்கள்.